அடிராண்டாக்ல ஏரித் தீவுல டென்ட் போடணுமா, இதைப் படிச்சிட்டு புக் பண்ணுங்க

நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருக்குற நம்மாளுங்க சம்மர் வந்தா நேரா லேக் ஜார்ஜ்தான், அங்க பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிடும். இன்னும் கொஞ்சம் வடக்கே ஏறி சரனாக் லேக்ங்கற ஊர் வரைக்கும் போங்க. அந்த ஊர் இருக்குற அடிராண்டாக் பார்க், நியூயார்க் மாநிலத்தோட வடக்குல இருக்குற மலைக்காடு, மொத்தம் சுமார் 60 லட்சம் ஏக்கர், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா அரசாங்க நிலம், அதை எப்பவும் காடாவே விட்டு வைக்கணும்னு 1894லயே மாநில அரசியல் சட்டத்துல எழுதி வச்சிட்டாங்க, அதனாலதான் அந்த நிலத்துல இருக்குற ஏரிக்கரைல எல்லாம் ஒரு ஓட்டல் கூட முளைக்கல.

கைக்குழந்தை இருக்கு, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்கன்னா பேசாம கேபின் எடுத்துடுங்க. ஜூலை ஆகஸ்ட்ல நிறைய இடத்துல சனிக்கு சனி முழு வாரமாத்தான் குடுப்பாங்க, ரெண்டு நாள் போதும்னா செப்டம்பர்ல கேளுங்க. பெட்ஷீட் அவங்க தருவாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

மத்தவங்களுக்கு என் ஓட்டு தீவுக்குத்தான். லோயர் சரனாக், மிடில் சரனாக் ரெண்டு ஏரியிலயும் தீவுலயும் கரையிலயுமா அரசாங்க கேம்ப்சைட் இருக்கு, படகுல மட்டும்தான் போக முடியும். ஒரு டேபிள், நெருப்பு மூட்ட இடம், ஒரு குழிக் கக்கூஸ், அவ்ளோதான், குடிதண்ணி கரண்ட் எதுவும் கிடையாது. புக்கிங் 9 மாசம் முன்னாடியே திறந்துடும், ஆகஸ்ட் வீக்கெண்ட் வேணும்னா நவம்பர்லயே உக்காரணும், செவ்வாய் புதன்னா அவ்ளோ அடிதடி இல்ல.

மே நடுவுல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. கருப்பு ஈ சீசன் அது, காதுக்குப் பின்னாடி, முடி ஆரம்பிக்குற இடமாப் பாத்துக் கடிக்கும், ரத்தம் வந்தப்புறம்தான் நமக்கே தெரியும். ஆகஸ்ட் நடுவுல போனா பூச்சி கம்மி, ஆனா ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க.

கனூ, அதாவது துடுப்பு போடுற சின்னப் படகு, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், நாலு பேருன்னா ரெண்டு எடுங்க. ரூட் 3ல செகண்ட் பாண்ட் படகுத்துறையில இறக்கலாம். மத்தியானம் காத்து ஏறிடும், லோயர் சரனாக் பெரிய ஏரி, அலை நல்லாவே அடிக்கும், அதனால ஆபீஸ் முடிச்சிட்டு கிளம்பி சாயங்காலம் தீவுக்குப் போயிடலாம்னு ப்ளான் போடாதீங்க, முந்தின ராத்திரியே அந்த ஊர்ல தங்கிட்டு காலைல துடுப்பு போடுங்க. தண்ணி கேன், கூலர் மாதிரி கனமானதெல்லாம் நடுவுல அடியில போகணும், ஸ்லீப்பிங் பேக் தண்ணி புகாத ட்ரை பேக்ல. அலை வந்தா சீட்ல இருந்து இறங்கி முட்டி போட்டுடுங்க, கனூவோட மூக்கை அலைக்கு நேரா திருப்புங்க, பக்கவாட்டுல வாங்கினா கவுந்துடும். 12 வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், அது சட்டம், பெரியவங்களும் போடுங்க சாமி.

கரடி நல்லா நீந்தும், தீவுதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. பக்கத்துல இருக்குற ஹை பீக்ஸ் மலைகளோட கிழக்குப் பகுதியில ராத்திரி தங்கணும்னா கரடி கேனிஸ்டர், அதாவது கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, கட்டாயம், நான் ஏரிக்கும் அதையேதான் சொல்வேன். புளியோதரை, பருப்புப் பொடி மட்டுமில்ல, டூத்பேஸ்ட், சன்ஸ்க்ரீன், குப்பைன்னு வாசனை அடிக்குறது எல்லாம் அதுக்குள்ள போகணும். டென்ட்ல இருந்து தள்ளி சமதரையில வைங்க, தண்ணி ஓரமா வச்சா கரடி உருட்டி ஏரிக்குள்ள தள்ளிடும். மீன் குழம்பு ஆசையை வீட்டுக்கு வந்து தீத்துக்கலாம். பாத்திரத்தை ஏரியில கழுவாதீங்க, தண்ணியை மொண்டுட்டு 150 அடி தள்ளிப் போய் சோப்பு போடுங்க.

விறகு வீட்ல இருந்து கொண்டு போகக் கூடாது, சூடு காட்டிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல எடுத்துட்டுப் போறது நியூயார்க்ல தப்பு, கட்டைக்குள்ள இருக்குற பூச்சி புதுக் காட்டுக்குப் பரவிடும்னுதான். வழியில கடைல வாங்கிட்டு ரசீதைப் பத்திரமா வைங்க, புக்கிங் கன்ஃபர்மேஷனையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க, அங்க சிக்னலை நம்ப முடியாது.