மயக்க மருந்து கொடுத்த எலியில் சர்க்கரை பார்ப்பதற்கு முன்

ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்துப் படுக்கவைத்த எலியின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சோதனை மருந்து கொடுக்காத கண்ட்ரோல் குரூப்புக்கே சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது வாயு செய்த வேலை. இன்சுலின் சுரக்கும் கணையத்து பீட்டா செல்லில் ஒரு வகைப் பொட்டாசியம் சேனல் மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். ஐசோஃப்ளூரேனும் அதே வகை வாயுவான செவோஃப்ளூரேனும் அதைத் திறந்தே வைக்கப் பார்க்கும் என்பதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் குளுக்கோஸ் ஏறினாலும் இன்சுலின் அதற்கு ஈடாக ஏறாது.

ஆகவே முதல் கேள்வி: மயக்கமே இல்லாமல் எடுக்க முடியுமா? குளுக்கோமீட்டர் பட்டைக்கு வால் நுனியிலிருந்து ஒரு சின்னத் துளி போதும். குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் (குளுக்கோஸ் கொடுத்துவிட்டு ரத்தச் சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது) என்றால் தயவுசெய்து விழித்திருக்கும்போதே செய்யுங்கள்.

இதயத்திலிருந்து எடுப்பதுபோல மயக்கம் தவிர்க்க முடியாத வேலையா? சரி, நேரத்தைக் கட்டிப்போடுங்கள். மல்லாத்திப் போட்டால் புரள முடியாத நிலை வந்ததிலிருந்து, உதாரணத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால் எல்லா விலங்குக்கும் அதே 5 நிமிடம். முதல் எலிக்கு 4, கடைசி எலிக்கு 20 என்று போனால் நீங்கள் அளப்பது சோதிக்கும் மருந்தையா, காத்திருப்பையா என்றே தெரியாது. குரூப்களைக் கலந்து வரிசைப்படுத்துங்கள், வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் வேப்பரைசர் எத்தனை சதவீதத்தில் இருந்தது என்றும் நோட்டில் எழுதுங்கள். உடல் குளிர்ந்தாலும் கணக்கு மாறும், அடியில் சூட்டுப் பட்டை வேண்டும்.

எலியின் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் இன்னும் வம்பு பிடித்தது. கூண்டைத் தொட்டதுமே ஏறத் தொடங்கிவிடும், அதனால் அடிப்படை அளவு வேண்டுமென்றால் தொட்டு 3 நிமிடத்துக்குள் ரத்தம் கையில் இருக்க வேண்டும், இண்டக்‌ஷன் பெட்டியில் போட்டு மயங்கும்வரை காத்திருந்தால் அந்த நேரம் அதிலேயே போய்விடும். எலி இரவில் நடமாடும் பிராணி, விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி இந்த ஹார்மோன் உச்சத்துக்குப் போகும், காலையில் குறைவு. ஆக எல்லாவற்றையும் காலையிலேயே முடியுங்கள்.

வாயுவே வேண்டாம், கீட்டமின்-சைலசின் என்ற மயக்க ஊசிக்கு மாறலாம் என்று தோன்றும். மாறாதீர்கள். சைலசின் பீட்டா செல்லையே அடக்கும். சாப்பிட்ட எலியில் சர்க்கரை பயங்கரமாக ஏறும்.

அப்புறம் பட்டினி. சுண்டெலியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் கல்லீரலில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்துபோகும், பகலில் 4 முதல் 6 மணி நேரம் போதும். எடுத்த ரத்தத்தை அப்படியே மேசையில் வைத்தால் செல்கள் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும், அதனால் இதைத் தடுக்கும் ஃப்ளோரைடு போட்ட குழாயில் எடுத்து ஐஸில் வையுங்கள், சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள்.