ரெட்லாண்ட்ஸ் வழக்கை எப்படிப் படிப்பது?

1967 பிப்ரவரி 12 அன்று, இங்கிலாந்தின் சசெக்ஸில் உள்ள, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் ரெட்லாண்ட்ஸ் வீட்டைப் போலீஸார் போதைப்பொருள் தேடிச் சோதனையிட்டார்கள். இந்த வழக்கைப் படிக்க உட்காரும்போது முதலில் வதந்திகளை ஒதுக்கிவையுங்கள். நான் ஒரு தாளை இரண்டாக மடித்து, யார் மீது என்ன குற்றச்சாட்டு என்று மட்டும் எழுதிக்கொள்வேன். அதே குழுவின் பாடகர் மிக் ஜாகர்: நான்கு ஆம்ஃபெட்டமின் (ஊக்க மருந்து) மாத்திரைகள் வைத்திருந்தது. ரிச்சர்ட்ஸ்: தன் வீட்டில் கஞ்சா புகைக்க இடம்கொடுத்தது. இவை இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எதுவும் விளங்காது.

அந்த மாத்திரைகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அவை இத்தாலியில் வாங்கியவை. அவற்றைப் பயன்படுத்தலாம் என்று தானே சொன்னதாக ஜாகரின் மருத்துவர் சிசெஸ்டர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். வாய்வார்த்தை மருந்துச்சீட்டு ஆகாது என்று நீதிபதி முடிவுசெய்தார். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அடுத்து தண்டனை. ஜாகருக்கு 3 மாதம், ரிச்சர்ட்ஸுக்கு ஓராண்டு. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள். ஜாகரின் தண்டனையை விமர்சித்து ஜூலை 1 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழ் எழுதிய தலையங்கத்தைத் தேடிப் படியுங்கள். பிறகு ஜூலை 31 மேல்முறையீட்டு முடிவைத் தாளின் அடியில் குறியுங்கள்: ரிச்சர்ட்ஸ் மீதான தீர்ப்பு ரத்து, ஜாகருக்குச் சிறைக்குப் பதிலாக நிபந்தனையுடன் விடுவிப்பு.