புது வீட்டில் கேம் கன்சோலை இணைக்க: வைஃபை கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வழிகள்

பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் கேம் கன்சோலைத் தொலைக்காட்சியில் மாட்டிவிடுவார்கள். கடிந்துகொள்ளாதீர்கள். விட்டுவந்த நண்பர்களோடு அவர்கள் பேசுவதும் சிரிப்பதும் இனி அதன் வழியாகத்தான். ஆனால் திரை கடவுச்சொல்லைக் கேட்கும்போது, வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

முதலில் வைஃபையைத் தரும் ரௌட்டரைத் தேடுங்கள். தொலைபேசி இணைப்போ கேபிளோ சுவரிலிருந்து வெளிவரும் இடத்தில் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும் பெட்டி அதுதான். அதன் அடியிலோ முதுகிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எழுத்துகள் எள்ளளவுதான் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்து வயரை இழுக்காமல், கைபேசியைக் கீழே நீட்டி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்த ஸ்டிக்கரில் நாலைந்து எண் வரிசைகள் இருக்கும். தவறு நடப்பது இங்கேதான். வரிசை எண் ஒன்று, கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரி ஒன்று, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் ஒன்று. இவை எதுவும் நமக்கு வேண்டாம். எஸ்.எஸ்.ஐ.டி. என்று குறித்திருக்கும் வைஃபையின் பெயருக்கு அருகே, வயர்லெஸ் கீ, நெட்வொர்க் கீ, டபிள்யூ.பி.ஏ. கீ என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதுதான் நாம் தேடும் கடவுச்சொல். ஆங்கிலம் பேசாத நாட்டில் இருந்தால் ஸ்டிக்கரும் அந்த மொழியிலேயே இருக்கலாம். ஜெர்மன்காரர்கள் வைஃபையைப் பெரும்பாலும் 'வேலான்' என்பார்கள். ஸ்டிக்கரில் 'ஷ்லுசல்', அதாவது சாவி, என்று முடியும் சொல்லைத் தேடுங்கள். பிரெஞ்சில் 'க்ளே' என்ற சொல்லுக்கும் சாவி என்றுதான் பொருள்.

நாங்கள் வந்த முதல் வாரத்தில் நிர்வாகக் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தோம். கன்சோல் பழுதாகிவிட்டது என்று மகன் கண் கலங்கிவிட்டான். பத்து வயது. மறுநாள் காலை வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் பார்த்தபோதுதான் அடுத்த வரியில் இன்னொரு சாவி இருப்பது தெரிந்தது. அவன் அழுத முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரியான வரியைப் பிடித்தபின் எழுத்துகளில் கவனம் வையுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வைஃபைக்கு வெவ்வேறு. பூஜ்யமும் 'ஓ'வும், எண் ஒன்றும் சிறிய 'எல்'லும் பெரிய 'ஐ'யும் ஸ்டிக்கரில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. சாவி முழுவதிலும் எண்களும் 'ஏ' முதல் 'எஃப்' வரையான எழுத்துகளும் மட்டுமே இருந்தால், சந்தேகத்துக்குரிய அந்த வட்டம் அநேகமாகப் பூஜ்யம்தான். கன்சோலில் அடிக்கும்போது ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேர்வு செய்யட்டும். எழுத்துகளைக் காட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறையில் இயங்கும் வைஃபையின் கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துகள் இருக்கும். அதற்கும் குறைவாக எழுதி வைத்திருந்தால் எங்கோ ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்யவில்லையென்றால், முன்பே யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இணைந்திருக்கும் கைபேசியோ கணினியோ இருந்தால் கவலை வேண்டாம். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பகுதியில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்தால் கடவுச்சொல்லைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் இணைப்பைப் பகிரும் கியூஆர் குறியீடு உண்டு. பல கைபேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் எழுதியிருக்கும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல் பேனல் வழியாக அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் எழுத்துகளைக் காட்டச் சொல்லுங்கள்.

பகிர்ந்து வாழும் வீடாக இருந்தால், வீட்டு உரிமையாளரையோ அறைத் தோழரையோ நேரில் கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான் என்பது அவர்களுக்கும் தெரியும். கூச்சப்பட்டுப் பக்கத்து வீட்டு வைஃபைக்குள் நுழையப் பார்க்காதீர்கள்; அனுமதியின்றி அப்படிச் செய்வது பல நாடுகளில் குற்றம்.

ரௌட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவில் இருக்கும் ரீசெட் துளையையும் தொடவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதை அழுத்திப் பிடித்தால் கடவுச்சொல் ஸ்டிக்கரில் உள்ளதற்கே திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் கடவுச்சொல்லை முன்பு மாற்றியிருந்த வீட்டில் எல்லோருடைய இணைப்பும் அறுந்துபோகும். சில இணைப்புகளில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் சேர்ந்து அழிந்துவிடும். அதை மறுபடி பெறும்வரை வீட்டில் யாருக்கும் இணையம் கிடையாது.

கடவுச்சொல் சரி, ஆனாலும் இணையவில்லையா? கன்சோலின் வயதைப் பாருங்கள். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அவற்றின் பட்டியலில் வரவே வராது. ஒரே வீட்டில் இரண்டு பெயர்கள் தெரிந்து, ஒன்றின் முடிவில் '5ஜி' என்றிருந்தால், அது கைபேசியின் 5ஜி அல்ல, இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். பழைய கன்சோலுக்கு மற்றப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டர் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கினாலும் பழைய கருவிகள் இணையாது. டபிள்யூ.பி.ஏ.2 முறையையும் சேர்த்து ஏற்கும்படி, ரௌட்டரைக் கவனிப்பவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். ரௌட்டர் அருகிலேயே இருந்தால் லேன் கேபிளை நேரடியாகச் செருகிவிடலாம், கடவுச்சொல்லே வேண்டாம்.

மாணவர் விடுதியில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பயனர் பெயரோடு உள்நுழையும் பக்கம் ஒன்று திறக்கும். பல கன்சோல்களால் அதைத் தாண்ட முடியாது. கன்சோலின் நெட்வொர்க் அமைப்பில் இருக்கும் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு விடுதியின் கணினிப் பிரிவுக்குப் போங்கள். அந்த முகவரியைப் பதிவு செய்து இணைப்புத் தரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.