பைக் பிக்கப் கூட வேண்டுமா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பைக் இழுக்கவில்லை என்றதும் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) என்று வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பல நேரம் எஞ்சினில் சக்தி இருக்கும். அது டயருக்கு வந்து சேராமல் வழியிலேயே வீணாகிக்கொண்டிருக்கும். அதனால் பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் உரசுகிறது, இல்லை செயின் இறுகியிருக்கிறது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எனவே சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே செயினின் ஆட்டத்தை அளக்க வேண்டும். சிறிய பைக்குகள் பலவற்றில் மேலும் கீழும் சேர்த்து 20–30 மி.மீ. ஆட்டம் இருக்கலாம், உங்கள் மாடலுக்கான அளவை மேனுவலில் பாருங்கள். அதிகம் இறுக்கினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் கெடும்.

அடுத்தது டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளி (கிளியரன்ஸ்). எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தைய இரவே நிறுத்தியிருந்தால் நல்லது. மேக்னெட்டில் (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) உள்ள 'டி' குறியை எஞ்சின் மூடியில் உள்ள குறியோடு பொருத்தி, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா பாருங்கள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச்சுற்று. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மெல்லிய பிடிப்போடு நுழைய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும் என்பதால் இறுக்கியபின் மறுபடி அளப்பது கட்டாயம். கிளியரன்ஸ் குறைவாக இருப்பதுதான் ஆபத்து: வால்வு முழுதாக மூடாது, சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கிளியரன்ஸ் கூடி டக் டக் என்று சத்தம் வந்தாலாவது நமக்குத் தெரியும். இது சத்தமில்லாமல் நடக்கும்.

ஏர் ஃபில்டரும் பிளக்கும் ஐந்து நிமிட வேலை. பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.7–0.9 மி.மீ.

இனி கார்புரேட்டர். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய அறையில் புகை உயிரைப் பறிக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும்: வெளியே திருப்பினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று: வெளியே திருப்பினால் லீன் (காற்று அதிகம்). இதை மாற்றிப் புரிந்துகொண்டு குழம்புபவர்களே அதிகம். எஞ்சினை அணைத்து, ஸ்க்ரூவை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருப்பி (அழுத்தினால் முனை கெடும்), இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சுற்றாகத் திருப்பி ஆர்பிஎம் உச்சமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, ஐடிலிங் ஸ்க்ரூவால் (த்ராட்டில் விட்ட நிலையில் ஓடும் வேகத்தை மாற்றுவது) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறக்குங்கள்.

அதற்குப் பிறகும் திணறினால் த்ராட்டில் எந்த நிலையில் திணறுகிறது என்று கவனியுங்கள். கால்பங்குக்குள் என்றால் பைலட் ஜெட், நடுவில் கார்புரேட்டர் ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றியிருந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் மட்டும் ஏற்றி, ஓட்டி, பிளக்கைப் பாருங்கள். வெளிர்பழுப்பு சரி, வெள்ளை என்றால் லீன், பிஸ்டன் பிடிக்கும், கரி படிந்திருந்தால் ரிச். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்கில் இந்த ஸ்க்ரூ வேலைக்கு இடமே இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஆரம்ப இழுவை போதவில்லையா? முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறையுங்கள். 14–42 ஜோடி (முன் 14 பல், பின் 42 பல்) 13–42 ஆனால் விகிதம் 3.00-லிருந்து 3.23 ஆகும். மேட்டில் வித்தியாசம் தெரியும். அதே வேகத்துக்கு ஆர்பிஎம் சுமார் 8 சதவீதம் ஏறும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அது உறுத்தும்.