முதியோர் இல்லமா? முதலில் குளியலறைக்குப் போங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் அப்பா அம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? வரவேற்பறை சோபாவில் மயங்கிவிடாதீர்கள். நேரே குளியலறைக்குப் போய், கைப்பிடிக் கம்பியை அழுத்தி இழுத்துப் பாருங்கள். கம்பி ஆடினால் நிர்வாகமும் ஆட்டம்தான். தரையில் பாசி வழுக்குகிறதா? கட்டிலருகே அழைப்பு மணி இருந்தால் அழுத்துங்கள். யாராவது வருகிறார்களா என்று நின்று கவனியுங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், குழாய் உடைந்தால் யார் வருவார் என்றும் கேளுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணே” என்றால் நடையைக் கட்டுங்கள்.

1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு கட்டாயம். சான்றிதழைக் கேட்டு, காலாவதித் தேதியையும் படியுங்கள். மாதக் கட்டணத்தில் டயப்பர் செலவு சேருமா என்பது எழுத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலும் சண்டை அங்கேதான்.