தண்ணி கேனும் இரண்டு டம்பெல்லும்: வீட்டில் உடற்பயிற்சியைப் பத்திரமாகத் தொடங்குவது எப்படி?

போன வருடம் ஒரு காலையில், வாசலில் இறக்கிவைத்திருந்த 20 லிட்டர் தண்ணி கேனைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது. மூன்று நாள் நிமிர முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்படித் தூக்கினீங்க? செஞ்சு காட்டுங்க." காட்டினேன். சிரித்துவிட்டார்.

வலி போனதும் நான் செய்த முதல் காரியமே தப்பு. ஆன்லைனில் 20 கிலோ 'ஹோம் ஜிம் செட்' வாங்கினேன். பிளாஸ்டிக் உறைபோட்ட தட்டுகள், இரண்டு குட்டைக் கம்பிகள், நான்கு நட்டுகள். இரண்டாம் நாளே நட்டு லூசாகி ஒரு தட்டு கழன்று, என் காலுக்கு ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. டைல்ஸில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் வரிசையாகச் செய்யுங்கள். கடைக்குப் போவது மூன்றாவது படிதான்.

படி 1: முதலில் உங்களையே கேளுங்கள்

கனடாவில் உருவான 'பார்-க்யூ' என்ற கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஏழே கேள்விகள்தான். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? சும்மா இருக்கும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சு வலிக்கிறதா? கடந்த 12 மாதங்களில் தலைசுற்றித் தடுமாறியதோ மயங்கியதோ உண்டா? வேறு நாள்பட்ட நோய் இருக்கிறதா? அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உடற்பயிற்சியால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டு, தசைப் பிரச்சினை இருக்கிறதா? மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே பயிற்சி செய்யலாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வது அபூர்வம். எதில் கவனம் வேண்டும் என்று சொல்வார், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் சகஜம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும். தொடங்கும் முன் பார்த்தால் 90-க்குக் கீழே இருக்கிறதா? ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கை நடுங்கி, வேர்த்து, படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் செய்யக் கூடாது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் எடையைத் தொடும் முன் கண் டாக்டரிடம் கேட்க வேண்டும், கனமாகத் தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு.

ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நின்றால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, டாக்டருக்கு போன் போடுங்கள். மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்ப வேண்டாம். அந்த மாத்திரைகள் துடிப்பையே மட்டுப்படுத்தி வைக்கும். அதைவிட நல்ல அளவுகோல் வாய்தான்: பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

படி 2: அண்ணாந்து பாருங்கள், அப்புறம் தரையைப் பாருங்கள்

மேலே மின்விசிறி. அடுக்ககங்களில் கூரை தாழ்வு. கையில் டம்பெல்லோடு கையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

கீழே டைல்ஸ். வேர்வை நாலு சொட்டு விழுந்தால் போதும், வழுக்கும். பாயோ ஜமுக்காளமோ விரித்தால் அதுவே சறுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள யோகா மேட் வேண்டும். நின்று எடை தூக்கும்போது மெத்தென்ற தடித்த மேட் ஆடும், 6 மில்லிமீட்டர் போதுமானது.

பயிற்சிக்கு ஒரு நாற்காலியும் தேவை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், கால் விரிந்துவிடும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் எதுவும் இடிக்கக் கூடாது, இடம் அவ்வளவு இருந்தால் சரி.

படி 3: இப்போது கடைக்குப் போகலாம்

வாங்க வேண்டியவை மூன்று: மேட், ஒரு ஜோடி டம்பெல், ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை). நட்டு போட்டு மாட்டும் தட்டுகளைவிட, ஒரே வார்ப்பாக இருக்கும் அறுகோண ரப்பர் டம்பெல்தான் நல்லது. உருளாது, கழலாது. பெரும்பாலும் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். பழக்கமே இல்லாதவர்களுக்கு 2 கிலோ ஜோடி, கொஞ்சம் வலு உள்ளவர்களுக்கு 4 அல்லது 5. கடையிலேயே தூக்கிப் பாருங்கள். பத்துத் தடவை தூக்கிய பிறகும் 'இன்னும் மூன்று நான்கு முடியும்' என்று தோன்றினால் அதுதான் உங்கள் எடை. பக்கத்தில் நிற்பவர் எதைத் தூக்குகிறார் என்று பார்க்காதீர்கள்.

பேண்ட் ரப்பர்தானே என்று அலட்சியம் கூடாது. வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும், இழுக்கும்போது அறுந்தால் நேராக முகத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். ஜன்னல் கம்பியில் மாட்டுவதானால் கம்பியைச் சுற்றி ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டு மாட்டுங்கள்.

ட்ரெட்மில்? முதல் ஆறு மாதம் தெருவே போதும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால், அதன்மேல் காயும் துணிகளை எடுத்துவிட்டு இதைப் படியுங்கள். பின்னால் 2 மீட்டர், பக்கங்களில் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். சுவருக்கு முதுகு காட்டி வைத்தால் விழுகிறவர் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். சிவப்பு சேஃப்டி கீயின் (இழுபட்டுக் கழன்றால் பெல்ட்டை நிறுத்தும் சாவி) கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள். மின்வெட்டு வந்தால் பெல்ட் சட்டென்று நின்றுவிடலாம், அதனால் கைப்பிடி எட்டும் தூரத்திலேயே நடங்கள். முடிந்ததும் கீயை எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் அமெரிக்காவில் தன் ட்ரெட் ப்ளஸ் ட்ரெட்மில் ஏறக்குறைய 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது, ஒரு குழந்தை அதன் பின்பக்கமாக உள்ளே இழுக்கப்பட்டு இறந்த பிறகு.

படி 4: முதல் இரண்டு வாரம் டம்பெல் மூலையிலேயே இருக்கட்டும்

வாங்கியாகிவிட்டது, தூக்காமல் எப்படி என்று இருக்கும். பொறுங்கள். முதலில் அசைவு பழக வேண்டும்.

ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு இவை:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கையை ஊன்றாமல், மெதுவாக. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. நம் தாத்தாக்கள் எடுத்த பஸ்கியின் தம்பி இது.

சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது. சுலபமானதும் கனமான மேசை விளிம்புக்கு மாறுங்கள். தரையில் செய்வதற்குப் பொறுமையாக வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், என்னை மூன்று நாள் படுக்கவைத்ததும் இது தெரியாததுதான்: இடுப்பில் மடிவது. நாம் குனிகிறோம் என்றால் முதுகைத்தான் வளைக்கிறோம். மடிய வேண்டியது தொடை இடுப்போடு சேரும் இடம். இரண்டு கையிலும் பை இருக்கும்போது, பின்பக்கத்தால் தள்ளிக் கதவைச் சாத்துவோமே, அந்த அசைவுதான். ஒட்டடைக் கம்பு ஒன்றை எடுத்து முதுகில் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் அது தொட்டபடி இருக்க வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே சாயுங்கள். கம்பு ஏதாவது ஓர் இடத்தில் விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தொடையின் பின்தசை இழுபட்டால் சரியாகச் செய்கிறீர்கள். கீழ்முதுகு பிடித்தால் இல்லை. எனக்கு இது கைவர ஒன்பது நாள் ஆனது, அதுவும் என் மனைவி பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான்.

படி 5: எடையோடு

மூன்றாம் வாரத்தில் அதே அசைவுகளுக்கு எடை சேருங்கள். உட்கார்ந்து எழும்போது ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். இடுப்பில் மடியும்போது இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தொடையை உரசியபடி இறங்கட்டும். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறுகை டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இரண்டையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஹாலில் நடங்கள், மார்க்கெட் பையோடு வருவது போல. தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம் என்பது என் கட்சி.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு செட் (அதாவது இரண்டு சுற்று). செட்டுக்கு நடுவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு. வாரம் இரண்டு நாள், ஒட்டாத நாட்களாக. உதாரணமாகத் திங்கள், வியாழன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் தசைப் பயிற்சிக்கு வாரம் குறைந்தது இரண்டு நாளும், அதோடு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்றதும் என்றுதான் சொல்கிறது. நடையை முதல் வாரமே 150 ஆக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாக ஏற்றுங்கள்.

மூச்சை மட்டும் அடக்காதீர்கள். தம் கட்டித் தூக்கினால் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். தூக்கும்போது விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். குழப்பமாக இருந்தால் சத்தமாக எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியே வரும்.

படி 6: எந்த வலி, என்ன வலி

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை பிடித்துக்கொண்டு, படியிறங்கும்போது முனகல் வரும். இது தசையின் வலி, மூன்று நாலு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் சுரீர் என்பது, காலுக்குள் மின்சாரம்போல் இறங்குவது வேறு ரகம். அந்த அசைவை அத்தோடு நிறுத்துங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இயல்பில்லாத மூச்சுத்திணறல் வந்தால் உட்கார்ந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். 'கேஸ்தான்' என்று இஞ்சி தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அளவுமீறிச் செய்த பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற அறிகுறி அது.

படி 7: எப்போது ஏற்றுவது

2 கிலோவிலிருந்து 3-க்குப் போவது ஒரு கிலோதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஒரேயடியாக ஐம்பது சதவீதம். அதனால் முதலில் எண்ணிக்கையை 15 வரை ஏற்றுங்கள், பிறகு இறக்குவதை மூன்று எண்ணும்வரை மெதுவாக்குங்கள். அதுவும் இரண்டு தடவை தொடர்ந்து சுலபமானால்தான் அடுத்த ஜோடி.

இடுப்பில் மடியும் பயிற்சிக்கு நான் அடுத்த ஜோடி வாங்கவே இல்லை. தண்ணி கேனில் 10 லிட்டர் ஊற்றினால் 10 கிலோ. கேனை நாற்காலி உயரத்தில் வைத்துத் தொடங்கினேன், அப்புறம் முக்காலி, அப்புறம் தரை. இரண்டு வாரத்துக்கு ஒரு லிட்டர் என்று கூட்டிக்கொண்டு போனதில், முழு கேனைத் தரையிலிருந்து எடுக்க ஐந்து மாதம் பிடித்தது. மூன்று மாடி ஏற்றுவதற்கு மட்டும் இன்னமும் கேன் போடும் தம்பியைத்தான் கூப்பிடுகிறேன்.