இன்ஜினை வெளியே எடுக்காமல் கியர் பாக்ஸை இறக்குவது எப்படி?

கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும், கியர் பாக்ஸுக்குள் பேரிங் கத்த ஆரம்பித்தாலும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். பெரும்பாலான கார்களில் அதற்காக இன்ஜினைத் தூக்க வேண்டியதில்லை. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க, கியர் பாக்ஸ் மட்டும் கீழ்வழியாக வெளியே வரும். முன்சக்கரங்கள் இழுக்கும் மேனுவல் காரை வைத்து இங்கே சொல்கிறேன். போல்ட் இருக்கும் இடமும் இறுக்க அளவும் காருக்குக் கார் மாறும் என்பதால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

காரைத் தூக்கும் முன்

பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். உயரத்தையும் இப்போதே பாருங்கள்: ஜாக்கி மேல் உட்கார்ந்த கியர் பாக்ஸ் பம்பருக்கு அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும்.

ஆயிலும் இணைப்புகளும்

ஆயில் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வையுங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செய்து, ஆயில் முழுவதையும் வடித்த பிறகுதான் மேல் போல்ட் துருப்பிடித்து அசையாமல் நிற்பதைக் கண்டேன்.

மேலே பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகியவற்றை எடுத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். கியர் கேபிள்கள், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச், ஸ்பீடு சென்சார், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், வெளியே இருக்கும் கிளட்ச் சிலிண்டரைக் குழாயோடு ஓரமாகக் கட்டி வையுங்கள். அதன்பின் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.

அடுத்து, சக்கரப் பகுதியைக் கீழ்க்கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்திலிருந்து விடுவியுங்கள். உள்முனையை எடுக்க ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் கழன்றுவிடும். ஜாயின்ட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே நெம்பிதான் எடுக்க வேண்டும்.

எடை எங்கே உட்காருகிறது?

இந்த வேலையில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். இன்ஜினின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது கியர் பாக்ஸ் மவுண்ட், அதாவது கியர் பாக்ஸைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் தாங்கி. அதைக் கழற்றியதும் இன்ஜின் அந்தப் பக்கம் சாயும். ஹோஸ்களும் வயர்களும் இழுபடும். அதனால் இன்ஜினுக்கு மேலே குறுக்காக வைக்கும் சப்போர்ட் பாரில் இன்ஜினைத் தொங்கவிடுங்கள். அது இல்லையென்றால் இன்ஜினின் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். கட்டை இல்லாமல் கொடுத்தால் சம்ப் நசுங்கும்.

கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி வேண்டும். அதில் பட்டையால் கட்டிய பிறகே மவுண்டைக் கழற்றுங்கள். பிறகு, கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் ஹவுசிங்கை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இருக்காது.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பொருத்தும் சிறு பின்களான டவல் பின்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இரு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல நெம்புங்கள். இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாகத் திறக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பிளேட்டை விட்டு முழுதாக வெளியே வரும்வரை நேர்கோட்டில் இழுங்கள். பாதியில் கியர் பாக்ஸைத் தொங்கவிட்டால் அதன் எடை முழுக்க பிளேட்டின் நடுவில் இறங்கி, பிளேட் வளைந்துவிடும். வெளியே வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்குங்கள்.

மாட்டும்போது

இறக்கிய கையோடு, பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும், கிளட்ச் பொருந்தியிருக்கும் இன்ஜின் சக்கரமான பிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் இன்ஜின் ஆயில் சீலையும் பாருங்கள். புது கிளட்ச் பிளேட்டை நடு பார்க்கும் கருவி வைத்தே இறுக்குங்கள். நடு சரியாக இருந்தால் பெல் ஹவுசிங் கையால் தள்ளியே இன்ஜினோடு ஒட்டும். சிறு இடைவெளி நின்றாலும் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், ஹவுசிங்கில் விரிசல் விழும். பின்னால் எடுத்து, திரும்ப நேராக்கித் தள்ளுங்கள். கார் தரைக்கு வந்து சமமாக நின்றதும் புது கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள்.